பைஜுவுக்குத் தலை சுற்றும்

"அவருக்கு உயரம்னாலே தலை சுத்தும் சேச்சி. வெளியவே இருப்பாரு. நானும் பிள்ளைங்களும் மட்டும்தான்" என்றாள் ரெம்யா.

பார்க் வாசலில் பைகளைச் சோதிக்கும் ரோஸிலி, ரெம்யாவின் கணவன் பைஜுவை ஏற இறங்கப் பார்த்தாள். ஆள் என்னவோ ஆறடி. தோளும் கையும் உரமேறிக் கிடந்தன. இவனுக்கா தலை சுற்றும்?

கையில் இரண்டு டிக்கெட். ஒன்று ரெம்யாவுக்கு, இன்னொன்று ஆறு வயது மாளுவுக்கு. சின்னவன் அப்பு அளவுகோலுக்குக் கீழேதான் இருந்தான், அவனுக்கு இலவசம்.

பைக்குள் வாழையிலையில் கட்டிய நான்கு சோற்றுப் பொதிகள். வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்று ரோஸிலி எடுத்து வைத்தாள். அதற்கும் பைஜு வழி வைத்திருந்தான். மதியம் பிள்ளைகள் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமாம். அதுவரை பொதிகள் அவனோடு இருக்கட்டுமாம்.

"ரெண்டு வாண்டுகளையும் பொண்டாட்டி தலையில கட்டிட்டு நீ நிழல்ல உக்காரப் போறியா மோனே?" என்று ரோஸிலி கேட்டே விட்டாள்.

"என்ன பண்றது சேச்சி. ஏணியில ரெண்டு படி ஏறினாலே கண்ணு இருட்டுது."

மூன்று பேரும் உள்ளே போனார்கள். அவன் மதிலோரத்துப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தானே தவிர இருப்புக் கொள்ளவில்லை. உள்ளேயிருந்து 'ஓ'வென்று சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து வந்துவிடுவான். இது எந்த விளையாட்டு? எத்தனை சுற்று சுற்றும்? பெல்ட் இருக்குமா?

"ராட்டினம் மேல போனா என்ன தெரியும் சேச்சி?"

"காயல் தெரியும், பள்ளிவாசல் மினார் தெரியும்னு சொல்றாங்க. ஆறு வருஷமா இங்க இருக்கேன், நான் எங்க ஏறினேன்?"

இவ்வளவு ஆசை இருக்கிறவனுக்கு இவ்வளவு பயமா என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. ஊழியர்களுக்கு மாதம் ஒரு இலவச பாஸ் உண்டு. இந்த மாதத்துப் பாஸ் இடுப்புப் பையில் சும்மா கிடந்தது. இன்று முப்பத்தொன்று, நாளைக்குச் செல்லாது. இவனிடம் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, மொட்டைத் தலைக்குச் சீப்பு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

மதியம் பிள்ளைகள் தலை ஈரத்தோடு ஓடி வந்தார்கள். மரத்தடியில் பொதி பிரிந்தது. சோறும் மீன் வறுவலும் வாய் நிறைய இருக்க, மாளு அப்பனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அச்சா, நீயும் வா. பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ. நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

பைஜு வாசலைப் பார்த்தான்.

"அடுத்த தடவை மோளே."

"அச்சனுக்குப் பயம், அச்சனுக்குப் பயம்" என்று அப்பு ராகம் போட்டான். ரோஸிலியும் சேர்ந்து சிரித்தாள். பைஜுவும் சிரித்தான். ரெம்யா மட்டும் குனிந்து இலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ராட்டினத்துல எப்போ ஏறுவீங்க?" என்று அவளிடம் கேட்டான்.

"வெயில் தாழட்டும். நாலு மணிக்கு."

"மஞ்சப் பெட்டியிலதான் ஏறுவேன்" என்றாள் மாளு.

அவர்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஏழு பேர். ஒரு டிக்கெட் குறைகிறது என்று அதிலிருந்த இளைஞன் ரோஸிலியிடம் குழைந்தான். வீணாகப் போவதற்கு யாராவது ஏறட்டுமே என்று அவள் பாஸை எடுத்து நீட்டிவிட்டாள். அவன் நன்றிகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றரை மணிக்குப் பார்த்தால் மரத்தடியில் பைஜு இல்லை. நாலாயிற்று, நாலரையாயிற்று, ஆளைக் காணோம்.

"கள்ளுக்கடைக்குப் போயிருப்பான். தலை சுத்துறதுக்கு அது நல்ல மருந்துதானே" என்று பக்கத்திலிருந்த காவலாளியிடம் சொன்னாள். நல்ல பெண்டாட்டி, நல்ல பிள்ளைகள், வாய்த்தவன் இப்படி என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஐந்து மணிக்கு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். முகம் கழுவியிருந்தான்.

பிள்ளைகள் வெளியே வந்ததும் மாளு ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சுவிடாமல் பேசினாள்.

"அச்சா, ராட்டினம் உச்சிக்குப் போச்சு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னை மரம். அதுக்கு மேல ஒரு ஆள் இருந்தாரு. தேங்கா வெட்டல, எங்களையே பார்த்துட்டு இருந்தாரு. நாங்க கிட்ட வந்தா மட்டையில முகத்தை மறைச்சுக்கறாரு. அப்பு டாட்டா காட்டினான். அவ்வளவு உசரத்துல இருக்காரு, கொஞ்சம்கூடப் பயமே இல்ல. நீயும் இருக்கியே."

ரோஸிலி அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். சட்டையின் மார்பில் பாசியும் மரத்தூளும் அப்பியிருந்தன. முழங்கையிலும் பாதத்தின் உட்புறத்திலும் புதுச் சிராய்ப்பு. காலில் தளையாகப் போட்ட துண்டு, தோளில் முறுக்கு அவிழாமலே கிடந்தது. தென்னை ஏறி இறங்கியவன் எப்படியிருப்பான் என்று அந்த ஊர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் கை தானாக இடுப்புப் பைக்குள் போய் வெறுமையைத் துழாவியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பைஜு மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்:

"அந்த ஆளுக்குத் தைரியம் ஜாஸ்தி மோளே. எனக்கு, நீ சொல்றதைக் கேக்கும்போதே தலை சுத்துது."