ஏன் நீந்தினீர்கள்?

"சிட்லபாக்கம் ஏரியை ஒத்தைக் கையால நீந்திக் கடந்தவன் நான். பதினோரே நிமிஷம். பின்னாடியே ஒரு முதலை!"

"முதலையை எடுத்துட்டேன் சார்," என்றாள் சாஜிதா.

சொத்தில் பாதி பறிபோனவர்போல் பார்த்தார் ஸ்ரீரங்கன். குடியிருப்போர் சங்கம் கொண்டுவரும் அனுபவக் கட்டுரைத் தொகுப்புக்காக நாவலூரிலிருந்து வந்திருந்த எடிட்டர் அவள். மேசையில் கிடந்த அவருடைய எட்டுப் பக்கமும் சிவப்பு மையில் அம்மை போட்டதுபோல் இருந்தது.

"முதலை மட்டுமா? ஏரியே பொய்," என்றபடி அவர் மனைவி காமு காபியை வைத்தாள். "பக்கெட் தண்ணியைப் பாத்தாலே மூச்சு முட்டற மனுஷன். நாப்பத்தஞ்சு வருஷமா இதே புளுகு."

"சத்தியமா நடந்ததுடி!"

"உங்க சத்தியத்துக்கு ஒரு ஏரி போறாது, சமுத்திரம் வேணும்."

சாஜிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "நடை பிரமாதம் சார். படிக்கறப்பவே தண்ணி ஜில்லுங்குது. ஆனா இந்தப் புத்தகத்துல நடந்தது மட்டும்தான் வரணும். ரெண்டு கேள்விக்குப் பதில் இல்லாம என்னால இதைச் சேர்க்க முடியாது."

"ரெண்டென்ன, இருநூறு கேளும்மா!"

"கரையைச் சுத்தி நடந்தா கால் மணி நேரம். ஏன் நீந்தினீங்க? ஒத்தைக் கையால நீந்தினீங்க, சரி. இன்னொரு கையில என்ன?"

கேட்காமலே நூறு கதை அளக்கும் வாய். காபி டம்ளருக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவர் பார்வை காமு பக்கம் போய், சுட்டுக்கொண்டதுபோல் ஜன்னலுக்குத் தாவியது.

"சொல்லுங்க சார். ஆறு மாசம் உக்காந்து எழுதியிருக்கீங்க. புத்தகத்துல பேர் வரணும்னு தினம் எனக்கு ரெண்டு போன் வேற."

"பரவால்லம்மா," என்றார் மெதுவாக. "மொத்தத்தையும் எடுத்துடு."

இவர்தானா இப்படிச் சொல்வது? சாஜிதா நம்ப முடியாமல் பார்த்தாள். அதற்குள் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, முதல் பக்கத்தின் குறுக்கே கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டார். பாதிக் கோட்டில் காமு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடிக்காதேங்கோ."

"விடு காமு."

காமு விடவில்லை. சாஜிதாவைப் பார்த்துச் சொன்னாள். "இன்னொரு கையில லெட்டர். நனையப்படாதுன்னு தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுண்டு வந்தார். தெரு வழியா வந்தா எங்கண்ணா கண்ணுல பட்டுடுமே."

"உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"எதிர்க்கரையில நின்னுண்டிருந்தவளே நான்தானே! 'இந்த வரனை நானே தேடிப் பிடிச்சேனாக்கும்'னு எங்கண்ணா இன்னிக்கும் ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கான், பாவம். அவன் மனசு நோகப்படாதுன்னு இவரைப் புளுகர் ஆக்கினேன். நீ எழுதிக்கோம்மா, நடந்தது."