மாலையில் மாறும் கட்டு

ரபீக்கின் உடைந்த மணிக்கட்டை, தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்கு கம்பிகள் தாங்கிப் பிடித்திருந்தன. தினமும் காலையில் கம்பி நுழையும் இடங்களைச் சுத்தம் செய்து கட்டுப்போடுவது மனைவி பிர்தௌஸ். போன வாரம் ஒரு கம்பியோரம் சீழ் வந்தது. எலும்புவரை போனால் கையே வீணாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மூன்று நாட்களாக, அவன் செருப்புக்கடையிலிருந்து திரும்பும்போது கட்டு மாறியிருந்தது.

"யார் கட்டுனது?"

"நான்தான்."

"ஒத்தக் கையாலயா? இவ்ளோ அழகாவா?"

ரபீக் மின்விசிறியைப் பார்த்தான்.

மறுநாள் அவன் கடைக்குக் கிளம்பியதும் பிர்தௌஸ் பின்னாலேயே போனாள். தேரடி வீதியில் ஒரு சின்ன கிளினிக்குள் நுழைந்தான். அங்கே ஓர் இளம் நர்ஸ் அவன் கையை மடியில் வைத்து, இவள் காலையில் போட்ட கட்டைப் பிரித்தாள்.

"வீட்ல இன்னும் சொல்லலியா பாய்?"

"எப்படி சொல்றதுனு தெரியல சிஸ்டர்."

பிர்தௌஸ் கதவைத் தள்ளினாள். "என்கிட்ட என்னத்த சொல்லணும்?"

நர்ஸ்தான் பேசினாள்.

"கட்டுப் போடறதுக்கு முன்னாடி குணமாகணும்னு ஓதி, கம்பி மேல ஊதுறீங்களாமேக்கா. வாய்க்காத்துல கிருமி ஜாஸ்தி. கம்பியோரமா உள்ள எறங்கிடும்."

பிர்தௌஸ் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"அதான் சொல்லல" என்றான் ரபீக். "நீ ஊதலைனா எனக்குப் பயமா இருக்கும்."

நர்ஸ் புதுக் கட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "தலையில ஊதுங்கக்கா. அங்க கம்பி இல்ல."