கல்லில் விட்ட இடம்

“அவன் பேரை மட்டும் நான் செதுக்க மாட்டேன், பெரியம்மா. வேற ஆளைப் பாத்துக்கோங்க!”

கல்தச்சன் உளியைச் சாக்கின் மேல் எறிந்தான். கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த கல்லில் ஊர்க்கதை முழுக்கச் செதுக்கியாகிவிட்டது. பெற்றவர்களை இழந்த பிள்ளைகளுக்காகப் பெரியம்மா இரண்டு அறை வீட்டில் தொடங்கியது, தெருத்தெருவாக வளர்ந்து பள்ளிக்கூடத்தோடு ஓர் ஊரே ஆனது, எல்லாம் இருந்தது. ‘முதல் பிள்ளை’ என்பதற்குக் கீழே மட்டும் வெறும் கல். விடிந்தால் திறப்பு விழா.

“யாரைடா சொல்றே?” நாற்காலியில் சாய்ந்தபடி பெரியம்மா கேட்டாள்.

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்க மூத்தவனைத்தான்.”

மூத்தவன் என்றால் ஊரில் ஒருவன்தான். தண்ணீர் மோட்டாரிலிருந்து தெருவிளக்குவரை பார்க்கும் எலெக்ட்ரீஷியன். கல்தச்சன் மூன்று வயதில் இங்கே வந்து சேர்ந்தபோதே அவன் இருந்தான். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். இவன் தலை நரைத்துவிட்டது, பொறாமை மட்டும் இன்னும் நரைக்கவில்லை.

“சாவிக்கொத்து யார்கிட்ட? அவன்கிட்ட. மாத்திரை யார் கையால? அவன் கையால. நாங்கல்லாம் என்ன, தவிட்டுக்கு வாங்கின பிள்ளைங்களா? இப்ப கல்லுலயும் அவனேவா?”

“அவன் பேருன்னு நான் சொன்னேனாடா? இங்க வந்த முதல் பிள்ளை நீதான். உன் பேரைச் செதுக்கு.”

“சும்மா என்னைச் சமாதானப்படுத்தாதீங்க! நான் வந்தப்பவே அவன் இருந்தானே?”

பெரியம்மா பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

“பெரியம்மா, மாத்திரை போடணும். ஏன்டா, இன்னுமா முடிக்கலை நீ?” என்றபடியே மூத்தவன் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போனான்.

“பாத்தீங்களா அதிகாரத்தை!” கல்தச்சன் பல்லைக் கடித்தான்.

பெரியம்மா அவன் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். குரல் தழைந்தது.

“சொல்லக்கூடாதுன்னு அவன் சத்தியம் வாங்கியிருக்கான். இருந்தாலும் சொல்றேன். அவன் எங்கேர்ந்தும் வரலைடா, என் வயித்துல பொறந்தவன். நீ வந்த புதுசுல, அவன் என்னை ‘அம்மா’ன்னு கூப்பிடறப்பல்லாம் நீ ஏங்கி ஏங்கி அழுவே. ஒருநாள் அவனாவே ‘பெரியம்மா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சான். அதைக் கேட்டுத்தான் ஊரே கூப்பிடுது. அவன் இன்னிக்கு வரைக்கும் மாத்திக்கலை.”