ராகுகாலம் முடியும்வரை

அலிப்பூர் கோர்ட்டு வராந்தாவில் வெயில் காமுவின் காலைச் சுடுகிறது; அவள் நகரவில்லை. ஆபீஸ் சாமானைத் திருடியதாக அவள் புருஷன் சந்தானத்தின்மேல் பொய்வழக்கு. குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே விடுவிப்பு மனு கொடுத்திருந்தால் வழக்கு இன்றே உடைந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை, ராகுகாலம் முடியாமல் மனுவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சந்தானம் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஜட்ஜ் ராகுவுக்காகக் காத்திருப்பாரா? குற்றச்சாட்டைப் படித்துப் பதிவு செய்துவிட்டார். “இனி அந்த மனு செல்லாது, பௌதி. முழு விசாரணைதான், வருஷக்கணக்கில் இழுக்கும்,” என்று வங்காளி வக்கீல் கோஷ் பாபு, காமுவைத் தம் பாஷையில் அண்ணி என்றழைத்துக் கையை விரிக்கிறார். சந்தானம் கண்ணாடியைத் துடைக்கிறார். “நல்ல காரியத்தை நல்ல நேரத்துலதானேடி பண்ணணும்?” காமுவின் குரல் வராந்தாவை நிறைக்கிறது. “போலீஸ்காரன் உங்களை இழுத்துண்டு போனானே, அவன் அமிர்தயோகம் பாத்துண்டா வந்தான்?” சந்தானம் நிஜமாகவே யோசிக்கிறார். “அன்னிக்கு அஷ்டமி,” என்கிறார். காமுவின் குடை தூணில் படீரென்று விழுகிறது. அந்த அடி தூணுக்கு இல்லை என்பது கோஷ் பாபுவுக்கும் புரிகிறது.