தெற்கே போக வடக்கே

"தெக்கால இருக்கிற தூத்துக்குடிக்குப் போவ, வடக்கால மெட்ராசுக்குப் போறீங்களா?" நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் பக்கத்து குவார்ட்டர்ஸ் கலியன் வாயில் போட்ட பக்கோடாவை மெல்ல மறந்துவிட்டார்.

"ஆமாங்க. பிளேன்ல ஒன்றரை மணி நேரம்தான்" என்றார் மாடசாமி பெருமையாக.

"மீனம்பாக்கம் போவவே அஞ்சு மணி நேரமாவுது. அங்க ரெண்டு மணி நேரம் குந்திகினு இருக்கணும். அப்பறம் அந்தப் பிளேன் நம்ம மைன்ஸ் பக்கமாத்தான் திரும்பி வரும். மொட்டை மாடியில நின்னீங்கன்னா அப்படியே தாவி ஏறிக்கலாம்!"

பிளாக்கே சிரித்தது. மாடசாமியின் மனைவி தமயந்திக்கு மானம் போயிற்று.

"விருத்தாசலத்துல ராத்திரி ரயில் ஏறினா விடியக்காலம் ஊரு. ரிட்டயர் ஆனதும் மூளை கழண்டுடுச்சா உங்களுக்கு?" என்று அவரிடம் சீறினாள்.

மாடசாமி அசையவில்லை. டிக்கெட் போட்டாகிவிட்டது.

விமானத்தில் ஜன்னலோரம் அவரே உட்கார்ந்துகொண்டார். "தமா, கீழ பழுப்பா ஒரு பள்ளம் தெரியுது பாரு. நம்ம மைன்ஸா இருக்குமோ?"

காலையில் பூட்டிய வீட்டுக்கு மேலேயே சாயங்காலம் பறக்கிற கூத்தை அவள் பார்க்க விரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவள் கவலை வேறு. ஊரில் கோயில் கொடை விழா. போகலாம், கும்பிடலாம். தம்பி அருள் வீட்டு வாசலை மட்டும் மிதிக்க முடியாது. அப்பா இறந்த அன்று மாடசாமியை மாற்றிவிட அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இருவரும் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கதவைச் சாத்தியவன், அப்புறம் திறக்கவேயில்லை.

தூத்துக்குடி ஏர்போர்ட் வாசலில் டாக்சிகள் வரிசையாக நின்றன. மாடசாமி நகர்வதாக இல்லை. நிதானமாக டீ குடித்தார். பின்னால் வந்தவர்களையெல்லாம் "நீங்க ஏறுங்க சார்" என்று முன்னே அனுப்பினார்.

"பறந்து வந்ததே இப்படி நிக்கத்தானா?" என்று பல்லைக் கடித்தாள் தமயந்தி.

"இங்க வரிசை முறை தமா. முன்னால நிக்கிற வண்டி, வர்ற ஆளை ஏத்தித்தான் ஆகணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது. விசாரிச்சுட்டேன்."

அடுத்த கார் வந்து நின்றது. பெட்டியை வாங்க இறங்கிய டிரைவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அருள்!

"வீட்டுக் கதவைச் சாத்தலாம்" என்றார் மாடசாமி அவள் காதோரம். "கார் கதவைத் திறந்துதானே ஆகணும்?"

அருள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தான்.

கார் கிளம்பியது. தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அருள் பாட்டை நிறுத்தினான்.

மெயின் ரோட்டில் கார் கிழக்கே திரும்பவில்லை. மேற்கே திரும்பி, திருநெல்வேலிப் பக்கம் ஓட ஆரம்பித்தது.

மாடசாமி பதறினார். "தம்பி, ஊரு அந்தப் பக்கம்ல இருக்கு? இது ஊரைச் சுத்துற வழியாச்சே!"

"தெரியும் அத்தான்." அருள் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். "நேர் வழியில போனா அரை மணி நேரத்துல ஊர் வந்துரும். அதுக்குள்ள அக்காகிட்ட என்னத்தப் பேச முடியும்?"