அம்மா தலையில் ஊதாப் பூ

இப்போதெல்லாம் இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு பூ. யாரென்று தெரியாமலே புதைத்தாலும், அங்கே முளைக்கும் பூவைப் போனில் காட்டினால் பேர் சொல்லிவிடும்.

இன்று சாயங்காலம் பாலாற்றங்கரையில் நடந்தபோது, இதுவரை பார்க்காத ஓர் ஊதாப் பூவைப் பறித்து வந்தேன். இப்போது அது, பக்கத்துப் பாயில் தூங்கும் அம்மாவின் பின்னலில் இருக்கிறது. நிலா வெளிச்சத்தோடு அதன் வாசமும் அறை முழுக்க மிதக்கிறது.

“அக்கா, பயமா இருக்கு. அம்மா தலையில வச்சப்புறந்தான் போன்ல பாத்தேன்.”

“யாரோட பூவுடி?”

“தணிகாசலம்னு வந்துச்சு. நம்ம அப்பா.”

லாரியோடு வடக்கே போன அப்பாவிடமிருந்து இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

“எங்கயோ புதைச்சிருக்காங்க. விதை காத்துல பறந்து வந்திருக்கும்” என்றாள். “வழி தெரிஞ்சு வந்திருக்காரு பாரு.”

“அம்மாகிட்ட சொல்லணுமாக்கா?”

“சொன்னா, விடிஞ்சதும் அத்தைங்க வந்து பூவையும் பொட்டையும் எடுத்துடுவாங்கடி.”

அம்மா புரண்டு படுத்தாள்.

“என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு? பிருந்தா, அந்தப் பூவ போன்ல பாத்தியா? யாரோட பூவும் இல்லையே?”

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள்.

“இல்லம்மா. வெறும் காட்டுப் பூதான்” என்றேன்.

“அப்ப நாளைக்கும் ரெண்டு பறிச்சிட்டு வா. இந்த வாசத்துக்கு நல்லாத் தூக்கம் வருது.”

பூவை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகிக்கொண்டு அம்மா கண்ணை மூடினாள்.