பட்டியலில் நாலு பேர்

பட்டியலில் உள்ள நாலு பேரும் நேரில் வரவேண்டும் என்றார் வார்டு ஆபீஸின் பர்மாக்காரக் கிளார்க்.

நாங்கள் மூன்று பேர்தான் நின்றிருந்தோம். நான், என் புருஷன் நல்லையா, மகள் தமிழரசி.

வந்தது சின்ன வேலைக்கு. ஊர் ஓரத்தில் லைங் தாயாவில் எங்கள் வீட்டு ஆள் பட்டியலில் இருக்கும் தமிழரசியின் பேரை எடுத்து, டவுனுக்குள் லத்தாவில் என் நாத்தனார் மங்கலத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டும். டவுனில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடம் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறது. என் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் டவுன் விலாசம் இல்லாத பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களாம். அதனால்தான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பிள்ளைகளை அத்தை வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் காகிதத்தில் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். காகிதம் கொடுக்க இன்றைக்குக் கடைசி நாள்.

விட்டால் இருக்கவே இருக்கிறது எங்கள் தெருப் பள்ளிக்கூடம். ஒரு வகுப்பில் எண்பது பிள்ளைகள், கணக்குக்கு வாத்தியார் கிடையாது. பத்தாவது தாண்டுவதற்குள் பாதிப் பெண்கள் என்னோடு தையல் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பதினாலு வருஷமாக நான் காலர் தைக்கிறேன். பக்கத்து மிஷினில் என் மகள் வந்து உட்கார்ந்தால் அந்த மிஷினை நானே உடைத்துப் போடுவேன்.

கிளார்க் பட்டியலின் நாலாவது பேரைப் பேனாவால் தட்டினார். பாலா, வயது இருபத்திரண்டு. எங்கே என்று கேட்டார்.

"தாய்லாந்துக்கு வேலைக்குப் போயிருக்கான் சயா" என்றார் நல்லையா, பெருமையாக.

இந்த மனுஷனுக்கு எதை எங்கே சொல்வது என்று தெரியவே தெரியாது. பங்குனியில் கிளம்பிய பிள்ளை. போய்ச் சேர்ந்ததும் பேசுவான், காட்டுக்குள்ளே டவர் கிடைக்காது என்று ராத்திரியெல்லாம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

கிளார்க் நல்ல மாதிரிதான். மெதுவாக எடுத்துச் சொன்னார். பையன் பட்டாளத்துக்கு எடுக்கிற வயது. உயிரோடு இருந்தால் கூட்டிவந்து காட்ட வேண்டும், அதுவரை இந்தப் பட்டியலில் எந்தப் பேரையும் தொட முடியாது. இறந்துபோயிருந்தால் வேறு விஷயம். தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டால் போதும், அந்தப் பேரை அடித்துவிட்டு மகளின் காகிதத்தை இப்போதே கொடுத்துவிடலாம்.

"வா வேணி, போவோம். நம்ம தெரு ஸ்கூலே போதும். அங்க படிச்சவன்லாம் மனுஷன் இல்லையா?" என்றார் நல்லையா.

தமிழரசியும் தலையை ஆட்டினாள். பரீட்சை முடிவு வந்த அன்றைக்குச் சோறுகூடத் தின்னாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிய பிள்ளை, இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தே த்வா பீ" என்றேன் கிளார்க்கிடம். செத்துப்போய்விட்டான்.

பர்மா பாஷையில் சொன்னதால் சொல்ல முடிந்தது. தமிழில் என்றால் எனக்கு வாய் வந்திருக்காது.

"அடிப்பாவி! பெத்தவ பேசுற பேச்சாடி அது?" நல்லையா என் கையைப் பிடித்து இழுத்தார்.

தமிழரசி அழுதே விட்டாள். "அண்ணனைச் சாகடிச்சிட்டுத்தான் நான் படிக்கணுமா? எனக்கு அந்த ஸ்கூலே வேணாம்மா."

கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. பெண் அழுவதைப் பார்த்தார், மேலே ஒன்றும் கேட்காமல் படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நல்லையாவின் கையில் திணித்தேன்.

"மகளுக்காகப் போடுங்க. போடுங்கன்னா போடுங்க."

என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாரோ, போட்டுவிட்டார். கிளார்க் ஸ்கேல் வைத்து, பாலாவின் பேர்மேல் நேராக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். பிறகு தமிழரசியின் காகிதத்தில் முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் நல்லையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பொய்னாலும் வாய்விட்டுச் சொல்லிட்டியே, பலிச்சுத் தொலைச்சா என்னடி பண்றது? வா, மாரியம்மன் கோயில்ல அவன் பேருக்கு ஒரு அர்ச்சனை போட்டுட்டுப் போவோம். போன் பண்ணட்டும், உங்கம்மா உன்னைக் கொன்னே போட்டுட்டாடான்னு சொல்றேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் முன்னால் நடந்தேன்.

போன் எப்போதோ வந்துவிட்டது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுநாள், ஃபேக்டரி வாசலில், என் நம்பருக்கு. கூடப் போன கணேஷ்குமார்தான் பேசினான். எல்லைக்கு இந்தப் பக்கமே மலைப்பாதையில் லாரி உருண்டுவிட்டதாம். அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

ஆறு வாரம் ஆகிறது. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனுஷனிடம் இதை நான் எப்படிச் சொல்வேன்? ஃபேக்டரிக் கக்கூஸில் அழுகிறேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கிறேன்.

கோயிலில் நல்லையா தேங்காய்த் தட்டை நீட்டினார். பையனுக்கு ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும், நன்றாகச் செய்யுங்கள் சாமி என்றார். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். இவருக்கு அது எப்போதும் மறந்துவிடும்.

திருவோணம் என்று நான்தான் சொன்னேன்.